கடைசி எழுத்தின் வால்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. பெயிண்ட் நெடிக்குத் தும்மல் மட்டும்தான், அது சம்பளத்தோடு சேர்ந்து வருவது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதை முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

நீ போன பிறகு துறையே வெறிச்சென்று கிடக்கிறது. ஆரஞ்சுப் பழம் ஏற்றிக்கொண்டு திரிந்த உன் கப்பலை, கடற்படைக்காரர்கள் வந்து "இனிமே இது எங்க கப்பல்" என்று சொல்லிவிட்டுப் போன வேகத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. கல்யாணப் பெண் மாதிரி வெள்ளையாக நின்றவளை ஒரே வாரத்தில் சாம்பல் பூசி அனுப்பிவிட்டோம். இத்தனை வருஷம் கப்பல்களுக்குப் பெயர் எழுதிச் சம்பளம் வாங்கியவள் நான். பெயரை அழிக்கச் சொல்லிச் சம்பளம் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

ஒரு விஷயம், உன்னோடு இருக்கட்டும். முகப்பில் உள்ள பெயரை உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டு, அதன்மேல் சாம்பல் அடிக்கச் சொன்னார் மேஸ்திரி. போன வருஷம்தான் அந்த எழுத்துக்களுக்கு வார்னிஷ் எல்லாம் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தேன். நானே எழுதியதை நானே சுரண்ட மனசு வரவில்லை. மேஸ்திரி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, தேய்க்காமல் அப்படியே மேலே அடித்துவிட்டேன். கிட்ட வந்து யார் பார்க்கப்போகிறார்கள்?

உன் அத்தானிடமிருந்து ஒரு வரி இல்லை. வாயால் பேசுவதற்கே கூலி கேட்கிற மனுஷன், கடிதமா எழுதப்போகிறார்! அவருடைய நிலக்கரிக் கப்பலும் உங்கள் பக்கம்தான் வருமாம். எங்கேயாவது பார்த்தால் கைகாட்டு. கப்பல் சமையலறையில் அடுப்படியே கதி என்று நிற்பவருக்கு எங்கே தெரியப்போகிறது, ஆனாலும் காட்டு.

உன் அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பாடு உண்டு, தூக்கம் உண்டு, இரண்டும் ஒரே நேரத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். உன் தும்மல் நின்றதா?

எந்தக் கடல், எந்தத் துறை, என்ன கப்பல், எதுவும் எழுதக் கூடாது. இங்கிருந்து போகும் கடிதங்களைப் படிக்கவே ஒரு அதிகாரி இருக்கிறார். நாங்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல். (ஐயா, இதை வெட்டாதீர்கள். உங்களைப் பற்றி நல்லதாக ஒரு வரி பின்னால் வருகிறது.) உன் கடிதத்தை யாரும் பிரிப்பதில்லை, பயப்படாதே.

நம் கப்பலைப் பற்றிச் சொல்கிறேன். பழம் வைத்த குளிர் அறைகளில் இப்போது இறைச்சி, வெண்ணெய், மருந்து. மற்ற அறைகளில் மாவு மூட்டை, பீரங்கிக் குண்டு, சோப்பு. குண்டுப் பெட்டியைத் திறந்தால் ஆரஞ்சு வாசனை அடிக்கிறது. பீரங்கிக்காரர்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள், பிறகு இன்னொரு தரம் மோந்து பார்க்கிறார்கள்.

போர்க்கப்பல்களில் எங்களுக்கு "மளிகைக்கடை" என்று பெயர். "டேய், மளிகைக்கடை வருது, பையை எடுத்துட்டு வா" என்று ஒலிபெருக்கியிலேயே கத்துகிறார்கள். முதலில் எல்லாருக்கும் சிரிப்புத்தான். ஓடுகிற கப்பலுக்கு ஓடிக்கொண்டே சாமான் கொடுக்க வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வேகத்தில் போகும். நடுவில் கயிறு, கயிற்றில் மூட்டை, தடித்த குழாயில் எண்ணெய். ஒன்று கொஞ்சம் முகம் திருப்பினால் கயிறு அறும், இல்லை இரண்டும் இடித்துக்கொள்ளும். பழக்கப்பலுக்கு இதெல்லாம் எங்கே வரும் என்றார்கள்.

சுக்கான் என் கையில் இருந்தது. அக்கா, இவளுக்கு வேகம் கிடையாது, அழகாகத் திரும்பவும் தெரியாது. ஆனால் ஒரு கோட்டில் போ என்றால் அதிலேயே போவாள். பழம் நசுங்காமல் போயே பழகியவள்தானே! அந்தப் போர்க்கப்பல்தான் பக்கத்தில் நெளிந்தது. முடிந்ததும் அதன் கேப்டன் தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

அத்தான் கப்பலை இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் கை என்ன, இரண்டு காலையும் சேர்த்துக் காட்டுகிறேன்.

உன் தம்பி

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

தும்மல் நின்றது, இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆக மொத்தம் சௌக்கியம். உனக்குக் காய்ச்சல் ஏதும் இல்லையே?

தொப்பி தூக்கிய கதையைப் பட்டறையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். மேஸ்திரி தான்தான் சுக்கான் பிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நாம பெயிண்ட் அடிச்ச கப்பலாச்சே!" என்றார். நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரைப் பார்த்தாயா? வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. இருக்கும்போதும் பேசாத மனுஷன்தான், ஆனால் அந்தப் பேசாமை வேறு. சாப்பாடு ஆனதும் கரண்டியால் பாத்திர விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, "வாங்க, ஆறிடும்" என்பாரே, ஒரு நாளைக்கு அவர் பேசுகிற முழுப் பேச்சும் அதுதான். இப்போது யாரும் தட்டுவதில்லை, எனக்கும் ஆறிப்போன பிறகுதான் சாப்பிட ஞாபகம் வருகிறது.

உருளைக்கிழங்கு உரித்த தோலை அறுபடாமல் ஒரே நீளமாக எடுத்து ஆணியில் தொங்கவிடுவாரே, அந்த ஆணி சும்மா நிற்கிறது. என் எழுத்தில் கடைசியில் ஒரு வால் வளைந்து தொங்கும், மேஸ்திரி அதைக் குரங்கு வால் என்று திட்டுவார், தெரியும்தானே? அந்தத் தோலைப் பார்த்து வந்த பழக்கம்தான் அது. அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் தலை கனத்துவிடும்.

பார்த்தால் உடனே எழுது.

உன் அக்கா

ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? சாரத்தில் ஏறும்போது இடுப்புக் கயிறு கட்டிக்கொள்.

இங்கே ஒரு வேடிக்கை. முகப்பில் அடித்த சாம்பல் பெயிண்ட் அப்பளம் மாதிரி உரிந்து விழுகிறது. பெயர் எட்டிப் பார்க்கிறது! கமாண்டர் கொதித்துப்போனார். "எதிரிக்கு நாமே சீட்டு எழுதிக் கொடுக்குறோமா? எந்தப் புண்ணியவான்யா தேய்க்காம அடிச்சது?" என்று கேட்டார். எந்தப் புண்ணியவான் என்று எனக்கு எப்படித் தெரியும்? பெயிண்ட் டப்பாவைத் தேடிக்கொண்டு போனேன். திரும்பத் திரும்பப் பூசிப் பார்த்தோம், ஒரு நல்ல அலை வந்தால் எல்லாம் போச்சு. நங்கூரம் போட்டு நின்று, பலகை கட்டித் தொங்கித் தேய்த்தால்தான் உண்டு. நிற்க எங்கே நேரம்? நாங்கள் நின்றால் எங்கள் பின்னால் வருகிற அத்தனை கப்பலும் பட்டினி.

புயலைப் பற்றி எழுதவேண்டும். பெரிய கப்பல்களே மூக்கு மூழ்கி எழுந்த நாளில், சின்னப் போர்க்கப்பல் ஒன்று எண்ணெய் தீர்ந்து தத்தளித்தது. எங்களுக்குத் திரும்பிவிடலாம் என்று உத்தரவு இருந்தது. கமாண்டர் என்னைப் பார்த்தார். "பிடிப்பியா?" என்றார். "நான் பிடிக்கிறது இருக்கட்டும், அவ நிப்பா ஐயா" என்றேன். நின்றாள். எண்ணெய்க் குழாய் இரண்டு முறை பிய்ந்தது, மூன்றாம் முறை நிலைத்தது. அந்தக் கப்பல் பசங்கள் இப்போது மளிகைக்கடை என்று சொல்வதில்லை. "பெரியம்மா" என்கிறார்கள்.

அத்தானைப் பற்றிக் கேட்டிருந்தாய். கடல் பெரிசு அக்கா. யாரும் யாரையும் சுலபமாகப் பார்த்துவிட முடிவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

மே 30

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருக்கவேண்டும்.

பெயிண்ட் உரிவதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கொழுப்பு, உன் தலைக்கு வந்து நிற்கிறது. கடற்படையிலிருந்து மேஸ்திரிக்கு ஓலை வந்தது, அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், நான் தேய்க்கவில்லை என்றே சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த டீ கிளாஸையே திருப்பிக்கொண்டிருந்தார். கடைசியில், "டீ குடிக்கப் போனது என் தப்பு" என்றார். அவ்வளவுதான்.

மழையில் கூரை ஒழுகியது, தகரம் மாற்றியாயிற்று. பக்கத்து வீட்டுப் பூனை நம் வீட்டில் குட்டி போட்டது. வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முதலில் கப்பல் செய்தி, அதை எழுதினால்தான் மற்றதை எழுதத் தைரியம் வரும். போன வாரம் எங்கள் பின்பக்கம் ஒரு குண்டு விழுந்தது. மாவு அறையில் விழுந்ததால் எல்லாரும் தலை முதல் கால் வரை வெள்ளையாகி நின்றோம், ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தோம். தீயை அணைத்த கையோடு, அதே தாக்குதலில் இயந்திரம் செத்துப்போன ஒரு போர்க்கப்பலைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள் நம் பழக்கப்பல். காவலுக்கு வந்தவனைக் காவல் காத்துக்கொண்டு வந்தாள்! இழுத்த நேரம் பூராவும் அந்தக் கப்பல்காரர்கள் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டே வந்தார்கள். கரைக்கு வந்ததும் அவர்கள் கேப்டன் ஏறிவந்து, மாலுமிகளுக்கு முன்னால் எங்கள் கப்பலின் கைப்பிடிச் சட்டத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். மாட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி மற்றது. போன கடிதத்தில் நீ அத்தானைப் பற்றிக் கேட்கவே இல்லை. பூனை குட்டி போட்டதை எழுதுகிறவளுக்கு அது மறக்குமா? உனக்கும் தெரிந்துவிட்டது என்று அதிலேயே புரிந்துகொண்டேன். நிலக்கரிக் கப்பல் மூழ்கிய செய்தி எனக்கு ஏப்ரலிலேயே வந்தது. வீட்டாருக்கு ஏற்கெனவே தெரிவித்த செய்தி என்பதால் இதை எழுதக் கத்தரிக்கோல் அனுமதித்தார். நல்லதாக ஒரு வரி எழுதுகிறேன் என்றேனே, இதுதான் அது. கடல் பெரிசு என்று உன்னிடம் ஏமாற்றினேன். மன்னித்துக்கொள். நீ தனியாக இருக்கும்போது இதைப் படிக்கக் கூடாது என்று நினைத்தேன்.

உன் தம்பி

ஜூலை 19

என் தம்பிக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு ஒன்றும் தெரியாது பார்.

கப்பல் ஆபீசிலிருந்து ஒருவர் மே மாதம் வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு ரொம்ப நேரம் கூரைத் தகரத்தைப் பற்றிப் பேசினார். பிறகுதான் சொன்னார். "காணோம்" என்றுதான் சொன்னார், வேறு வார்த்தை சொல்லவில்லை. நீ சுக்கான் பிடிக்கும்போது கை நடுங்கக் கூடாதே என்று உனக்கு எழுதவில்லை. நீயும் எனக்காக எழுதவில்லை. இரண்டு பேரும் நல்ல கெட்டிக்காரர்கள்!

காணோம் என்றால் காணோம்தான். நான் ஆணியைப் பிடுங்கவில்லை. பட்டறைக்குத் தினமும் போகிறேன். அழுகை வருகிற நேரத்தில் வருகிறது, சாரத்தின் மேலே என்றால் யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் உன்னையும் காணோம் என்று ஒருவர் வந்து என் வாசலில் செருப்பைக் கழற்றக் கூடாது. இதைக் கமாண்டரிடம் காட்டு. ஐயா, அந்தப் பெயரை எழுதியவளும் நான், தேய்க்காமல் பூசியவளும் நான். எங்கேயாவது நிறுத்தித் தேய்த்துவிடுங்கள். முதலில் தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கவேண்டும். முரட்டு உப்புத்தாளால் வார்னிஷ் போகும்வரை தேய்க்கவேண்டும். பிறகு மெல்லிய தாள். வெள்ளை துளிகூடத் தெரியக் கூடாது. எனக்காகப் பார்க்காதே தம்பி. ஒரு எழுத்து விடாமல் சுரண்டிவிடு.

உன் அக்கா

ஆகஸ்ட் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ இதை உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதத்தைக் கமாண்டர் படித்தார். மறுநாளே காற்று மறைவான ஓரிடத்தில் நங்கூரம் போட்டோம். பலகை கட்டி நானே இறங்கி, நீ சொன்ன மாதிரி கழுவி, முதல் எழுத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தேன். வேலை முடியவில்லை. கடைசி எழுத்து பாக்கி இருக்கும்போது நின்றுபோனது. ஏன் என்று இப்போது எழுத முடியாது. கடலில் யார் யாரைச் சந்தித்தார்கள் என்பதைப் பற்றி உத்தரவு வரும்வரை ஒரு எழுத்தும் வெளியே போகக் கூடாதாம். கத்தரிக்கோல் பக்கத்திலேயே நிற்கிறார், என்னைவிட அவர் முகம்தான் பரிதாபமாக இருக்கிறது.

ஆகவே சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். சாப்பாட்டைப் பற்றி எழுதத் தடை இல்லை.

எங்கள் சமையலறையில் புதிதாக ஒருவர் உதவிக்குச் சேர்ந்திருக்கிறார். ஆள் எலும்பும் தோலுமாக இருக்கிறார், தாடி நெஞ்சு வரைக்கும். பேச்சே கிடையாது. உட்காரச் சொன்னால் கேட்பதில்லை, வந்த அன்றே கத்தியை எடுத்துக்கொண்டு நின்றுவிட்டார். உருளைக்கிழங்கு உரித்தால் தோல் அறுவதில்லை. ஒரே நீளமாக எடுத்து, ஆணியைத் தேடித் தொங்கவிடுகிறார். சாப்பாடு ஆனதும் கரண்டியால் பாத்திர விளிம்பில் ஒரு தட்டு. அப்புறம் என்ன சொல்வார் என்று நான் எழுதவேண்டுமா?

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாகச் சாப்பிடு, சூடாகச் சாப்பிடு.

உன் தம்பி

செப்டம்பர் 15

என் கண்ணே, என் தம்பி,

நான் சௌக்கியம், சௌக்கியம், சௌக்கியம். வாசலில் நின்றே பிரித்தேன். நீ உட்காரச் சொன்ன வரி வந்தபோது சொன்னபடி படியிலேயே உட்கார்ந்தேன், ஆணி வரி வந்தபோது எழுந்து ஓடினேன், எங்கே ஓடுவது என்று தெரியாமல் சமையலறைக்குள் போய் நின்றேன். கத்தினேனாம். பக்கத்து வீட்டுக்காரி பூனைக்குட்டியை யாரோ மிதித்துவிட்டார்கள் என்று நினைத்து வந்தாள்.

உங்கள் புதுச் சமையல்காரருக்கு ஒரு சேதி. அவர் யாரோ எவரோ எனக்குத் தெரியாது. ஆனால் தாடியை எடுக்கச் சொல். எலும்பும் தோலுமாக இருப்பவர் மற்றவர்களுக்குப் போட்டுக்கொண்டே இருக்காமல் தானும் ஒரு வாய் சாப்பிடவேண்டும் என்று சொல். இங்கே ஒரு வீட்டில் ஒருத்தி மாதக்கணக்கில் ஆறிப்போனதையே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்றும் சொல்.

கத்தரிக்கோல் ஐயாவுக்கு என் கும்பிடு. அவர் நூறு வயசு வரைக்கும் இருக்கவேண்டும்.

உன் அக்கா

அக்டோபர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் எல்லாரும். உத்தரவு வந்துவிட்டது, இனி எழுதலாம்.

நாங்கள் நங்கூரம் போட்டது மனுஷ வாடையே இல்லாத ஒரு பாறைத் தீவுக்குப் பக்கத்தில். நிலக்கரிக் கப்பலில் தப்பியவர்கள் ஒரு படகில் போய் அங்கேதான் ஒதுங்கியிருக்கிறார்கள். மழைத்தண்ணீர், பறவை முட்டை, படகிலிருந்த ரொட்டி. அத்தான் எல்லாருக்கும் அளந்து போட்டு உயிரோடு வைத்திருக்கிறார். தீவு ஓரமாகப் போன சாம்பல் கப்பல்கள் எல்லாம் எதிரிக் கப்பல்கள். ஒருமுறை கைகாட்டியதற்குத் துப்பாக்கிச் சூடு வந்ததாம். அதிலிருந்து சாம்பல் நிறம் தெரிந்தாலே பாறைக்குப் பின்னால் படுத்துக்கொள்வார்கள்.

நாங்கள் வந்தபோதும் படுத்துக்கொண்டார்கள். இவளும் சாம்பல்தானே! நான் பலகையில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டுகிறேன், அவர்கள் ஒரு சத்தமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யோசித்துப் பார் அக்கா. நான் சுறுசுறுப்பாக இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கை வலித்தது, கடைசி எழுத்தை விட்டுவிட்டு ஒரு டீ கேட்டேன். நான் நகர்ந்ததும் அந்த எழுத்து முழுசாகத் தெரிந்திருக்கிறது, வாலோடு.

அத்தான் எழுந்து நின்றுவிட்டார். கூட இருந்தவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். "உக்காருங்க! எதிரியா இருந்தா சுட்டுருவான்." அதற்கு அத்தான் சொன்னதை அந்த மாலுமிகள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். "எதிரிக்கு என் பொண்டாட்டியா எழுதிக் குடுத்திருப்பா?" என்றாராம். ஒரே மூச்சில் இவ்வளவு பேச்சு அவர் பேசி அவர்கள் கேட்டதே இல்லையாம்.

தோலைப் பார்த்துத்தான் வால் போட்டாய் என்று சொன்னேன். தலை ஒன்றும் கனக்கவில்லை. திரும்பிக்கொண்டு வெங்காயம் நறுக்க ஆரம்பித்தார். வெங்காயம் இல்லாத நாள் அது, எங்கேயோ தேடி எடுத்தார்.

கமாண்டர் உன் பெயரைச் சொல்லித் திட்டுவதை நிறுத்திவிட்டார். "ஒத்தை எழுத்தை வச்சு எவன் என்ன கண்டுபிடிப்பான், விடு" என்று மீதியைத் தேய்க்கவிடவில்லை. பின்பக்க ஓட்டையைச் சரிசெய்ய எங்களை நம் துறைக்கே அனுப்புகிறார்கள். அத்தானை நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

உன் தம்பி

டிசம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். நீ மறுபடி கிளம்பிப் போய்விட்டாய் என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

மேஸ்திரி இந்தத் தடவை உப்புத்தாளைக் கையில் கொடுத்துவிட்டு, டீயைச் சாரத்துக்கே வரவழைத்துக் குடித்தார். அசையவே இல்லை. கப்பல் கிளம்பும் நாள் காலையில்தான் முகப்பை முடித்தேன், அதனால் அவசரத்தில் நீ பார்த்திருக்க மாட்டாய். பெயர் முழுக்கப் போய்விட்டது. உன் உயிர் சம்பந்தப்பட்டதில் இனி நான் விளையாட மாட்டேன். மழமழவென்று தேய்த்து, இரண்டு பூச்சு. எதிரி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாலும் ஒரு எழுத்து தெரியாது.

வாலை மட்டும் தேய்க்கவில்லை. மேஸ்திரி பார்த்தார். கமாண்டரும் கீழே நின்று பார்த்தார். மேஸ்திரி சாம்பல் டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார், கமாண்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தார். அதன்மேல் சாம்பல் பூசித்தான் அனுப்பியிருக்கிறேன். கொஞ்ச நாளில் ஒரு நல்ல அலை வந்தால் எட்டிப் பார்க்கும். வேறு யாருக்கும் அது ஒரு கோணல் கோடு.

புயலில் நின்றவள், குண்டு வாங்கியவள், போர்க்கப்பலை இழுத்து வந்தவள், என் வீட்டுக்காரரைக் கொண்டுவந்து விட்டவள் அவள். துறையை விட்டுப் போகும்போது பட்டறை முழுவதும் வேலையை நிறுத்திவிட்டு நின்று பார்த்தது. நானும் நின்றேன். உன்னையும் அவள் திருப்பிக் கொண்டுவந்து விடவேண்டும் என்று அவளிடமே வாய்விட்டுக் கேட்டேன்.

இந்தக் கடிதத்தில் தானும் ஒரு வரி எழுதவேண்டும் என்கிறார் உன் அத்தான். நம்ப மாட்டாய். பேனாவைப் பிடுங்கிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறார். இனி அவர் கையெழுத்து.

உன் அக்கா

தம்பி, உனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்திருக்கிறது. வா, ஆறிடும்.